வியாழன், வெள்ளி, சனி வளையம்

இல்லக்கா, உள்ள வரல, நின்னுக்கிட்டே சொல்லிடுறேன். பாப்பா இப்பதான் தோள்ல தூங்கினா, உக்காந்தா முழிச்சுக்குவா. இன்னைக்கு உங்களுக்கு லேப் லீவுதானே, அதான் பாத்து வந்தேன். கீழ்வீட்டுக்காரி மேல ஏறி வந்து பேசுறான்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். படி ஏறும்போது ரெண்டு தடவை திரும்பிட்டேன்.

சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

நீங்க டெலஸ்கோப் வாங்கி மாடி மோட்டார் ரூம்ல வெச்ச நாள்லருந்து எங்க வீட்டுக்காரர் கண்ணு தரையில இல்ல. போன புதன்கிழமை அவரு சட்டையைத் துவைக்கப் போட்டேன். லிப்ட் ரிப்பேருக்குப் போற சட்டை, பாக்கெட்ல நட்டு போல்ட்டுன்னு கிடக்கும், தடவிப் பாத்துட்டுத்தான் போடுவேன். சீட்டு ஒண்ணு வந்துச்சு. நான் அஞ்சாவதோட நின்னவக்கா, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வியாழன், வெள்ளி, ரொம்ப நெருக்கம். ஏழு மணி, மொட்டை மாடி. அதுக்குக் கீழ, சனி வளையம், அக்காகிட்ட சொல்லி வெக்கணும்.

நீங்களே சொல்லுங்க. வியாழக்கிழமை நெருக்கம், வெள்ளிக்கிழமை நெருக்கம், சனிக்கிழமை உங்க காதுக்கு வளையம். ஒருத்தி என்னன்னு நினைப்பா? வானம் பாக்குறதெல்லாம் சாக்குன்னு நினைச்சுட்டேன்.

சிரிக்க மாட்டேன்னீங்களே! வயிறு பத்தி எரிஞ்சுச்சுக்கா எனக்கு. மறுநாள் படியில எதிர்ல வந்தீங்களே, உங்க காதையே பாத்துட்டு நின்னேன். நீங்ககூட திருகாணி கழண்டுருச்சான்னு தொட்டுப் பாத்தீங்க.

வியாழக்கிழமை ஆறரைக்கே வாசப்படியில உக்காந்துட்டேன். வந்தாரு, குளிச்சாரு, சாப்பிட்டு அப்படியே கட்டையாத் தூங்கிட்டாரு. வெள்ளியும் அதே கதை. சனிக்கிழமை கையில பொட்டலத்தோட வந்தாரு பாருங்க, வளையம்தான்னு பாய்ஞ்சு பிடுங்கினேன். பிரிச்சா, பாத்ரூம் குழாய்க்கு வாஷர்.

இன்னைக்குக் காலையில சாப்பிடும்போது, சாயங்காலம் வெள்ளி நல்லாத் தெரியணும், மேகம் வராம இருக்கணும்னாரு. பிடிச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை எங்கருந்துய்யா வெள்ளி வரும்னு கேட்டு, சீட்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிருச்சு மனுஷனுக்கு. நான்தான் தலையில தட்டினேன். கொஞ்சம் பலமாவே தட்டினேன்.

எல்லாம் கிரகமாமே. ரெண்டு கிரகம் ஒட்டுனாப்புல நிக்குமாமே இன்னைக்கு.

சந்தேகம் தீந்துருச்சு. ஆனா வயித்தெரிச்சல் தீரலக்கா, பொய் சொல்ல மாட்டேன். வாய்க்கு வாய் அக்கா, அக்கா. வியாழனுக்கு நாலு நிலா தெரியும்னு அக்கா சொன்னாங்க. சனிக்குச் சுத்தி வளையம்னு அக்கா சொன்னாங்க. நாலு நிலாவாம்! எனக்கு இருக்கிற ஒத்தை நிலாவைக்கூட அவரு காட்டினதில்ல. ஒரு நோட்டை வேற எடுத்து விரிச்சாரு. அடுத்த மாசம் எரிகல் கொட்டுமாம், அதுக்கப்புறம் கிரகணமாம், எல்லாத் தேதியும் மனப்பாடம். பாப்பாவுக்கு எப்போ ஊசின்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாரு. வருஷம் பூரா வானத்தை எழுதி வெச்சிருக்காரு, ஒரு வரியில நான் இல்லக்கா. அவளையும் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு வரி, ம்ஹூம்.

நீங்களாவது கூப்பிட்டிருக்கலாம்.

என்னது, கூப்பிட்டீங்களா? எப்போ? மூணு தடவையா?

அவ வெக்கப்படுவா, வர மாட்டான்னு அவரா சொன்னாரு? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?

சரி. இருக்கட்டும், அவருக்கு இருக்கு.

ஏழு மணிக்குத்தானே? பாப்பாவைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டு வரேன். முதல்ல நான்தான் பாப்பேன். நாலு நிலாவையும் எண்ணி முடிச்சப்புறம்தான் அவரு. நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க, அவரு பாப்பாவை வெச்சுக்கிட்டு ஓரமா நிக்கட்டும்.

இல்லக்கா, உங்ககிட்ட அனுமதி கேக்கல, சொல்றேன். அந்த டெலஸ்கோப்ல கண்ணு வெக்கிற இடத்துல குட்டியா ஒரு கண்ணாடி இருக்குமே, இப்போ போய்ப் பாத்தா இருக்காது. இங்க லிப்ட் பாக்குறதும் அவருதானே, மோட்டார் ரூம் சாவி எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது. வெள்ளிக்கிழமை துணி காயப்போடப் போனப்ப கழட்டிட்டு வந்து மாவு டப்பாவுல பொதைச்சு வெச்சுட்டேன். பதறாதீங்க, உடையல. தொடச்சு எடுத்துட்டு வரேன்.