வடக்குக் கதவை அடைத்த வீடு

பெயர் பாண்டிச்செல்வம், வயது 49, தகப்பனார் நாகையா. ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசி போகும் பாதையில், நின்றுபோன பட்டாசு ஆலைக்குள் குடியிருப்பு. முன்பு அதே ஆலையில் போர்மேன், தற்போது அட்டைப்பெட்டி கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. என் மைத்துனர் முத்துக்கருப்பன் கொடுத்த புகாரின் பேரில் காவல் ஆய்வாளர் முன் ஆஜராகி, விசாரித்ததில் நான் சொல்வதாவது:

மேற்படி இடத்தில் நானும் என் மனைவி சண்முகத்தாயும் கடந்த தை மாதம் முதல் குடியிருந்து வந்தோம். ரோஜா என்று ஒரே மகள், மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அதற்கு முன் கல்யாணமான நாள் தொட்டு வாடகை வீடுகளில்தான் இருந்தோம். லைசென்ஸ் புதுப்பிக்கப்படாமல் ஆலை பல வருடம் பூட்டிக் கிடந்த பிறகு, முதலாளி சண்முகவேல் அவர்கள் இடத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறை ஒன்று நின்ற துண்டை எங்களுக்குக் கிரயம் செய்துகொடுத்தார். மற்ற அறைகள் இடிந்து தரையோடு கிடந்தன. இந்த அறைக்கும் கூரை இல்லை, உள்ளே வேலிக்கருவை ஆள் உயரம் வளர்ந்திருந்தது, சுவர் மட்டும் அசையாமல் நின்றது. என் மனைவி பல வருடம் பூச்சட்டிக்கு மருந்து செலுத்தியது அந்த அறையில்தான். அதனால் வேறு துண்டு வேண்டாம், இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். "கூலிக்கு உக்காந்த எடத்துல இனிமே காலை நீட்டிப் படுக்கப் போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கருவையை வெட்டி, வேரைத் தோண்டி, தரையைப் பலமுறை கழுவி, மேலே தகரம் போட்டு, சுண்ணாம்பு அடித்தோம். எத்தனை தடவை அடித்தாலும் சுவரில் ஊறியிருந்த அலுமினியத் தூள் சாம்பல் நிறமாக மேலே வந்துகொண்டே இருந்தது. நான் சலித்துக்கொண்டபோது, "வெள்ளி பூசின வீடு வேற யாருக்கு இருக்கு?" என்று கேலி செய்தாள். அறைக்கு நாலு பக்கமும் நாலு கதவு. ஆபத்தென்றால் ஓடுவதற்காகப் பட்டாசு ஆலையில் அப்படித்தான் கட்டுவார்கள். குடியிருக்க அது சரிப்படவில்லை. மழைச் சாரல் எல்லாப் பக்கமும் அடித்தது, பாம்பு வந்தது, பீரோவை வைக்கவும் இருக்கன்குடி மாரியம்மன் படத்தை மாட்டவும் முழுதாக ஒரு சுவர் கிடையாது. "நாலு பக்கமும் கதவு இருந்தா அது கம்பெனிதான், வீடாகுமா? எனக்கு ஒரு சொவரு வேணுங்க" என்று மனைவி கேட்டாள். அதன் பேரில் மேற்கிலும் தெற்கிலும் கதவை எடுத்துவிட்டு ஜன்னல் வைத்தேன். வடக்குக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, அதை ஒட்டிப் பீரோவை நிறுத்தினேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, என் கையாலேயே செய்தேன். கிழக்குக் கதவு வீட்டு வாசல் ஆனது.

14.10.2024 திங்கட்கிழமை பகலில், கம்பெனியில் லோடு இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன். தென்மேற்கு மூலையில் அடுப்பில் குழம்பு கொதிக்க, மனைவி அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே தொட்டியில் சாக்கு அலசிக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே பெரிய சத்தம் கேட்டது. கேஸ் டியூப் பிய்ந்து தீப்பிடித்திருந்தது. நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தபோது தீ அடுப்பைச் சுற்றி மட்டும்தான் இருந்தது. அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. "தாயி, இங்கன வா, இங்கன வா" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நேரே வடக்கே ஓடிப் பீரோவில் மோதி, அதை இரண்டு கையாலும் தள்ளினாள். அதற்குள் கொடியில் கிடந்த துணிகளில் தீ பரவி அவள் மேல் விழுந்தது. அதன் பிறகு நான் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவளைத் தூக்கினேன். தூக்கும்போதும் அவள் பீரோவின் கைப்பிடியை விடவில்லை, பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஆம்புலன்சில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டாள்.

நானும் அவளும் சண்டை போட்டதாகவும், நான் வெளியே பூட்டிவிட்டதாகவும் மைத்துனர் எழுதிக்கொடுத்துள்ளார். பீரோ முழுக்க அவள் கைத்தடம் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க அக்காவ உள்ள வச்சுப் பூட்டிட்டீகளே மச்சான்" என்று ஆஸ்பத்திரியில் என் சட்டையைப் பிடித்தார். நான் பூட்டவில்லை, வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. சண்டையும் இல்லை. வீட்டில் மருந்தோ திரியோ வைத்திருக்கவும் இல்லை, தீயணைப்புக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். இருந்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரை வளர்த்தது என் மனைவிதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருப்பேன்.

வாசல் திறந்திருக்க என் மனைவி ஏன் பீரோ பக்கம் ஓடினாள் என்று ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். ஆலை ஓடிய காலத்தில் அந்த அறையில் நாலு பேர் உட்காருவார்கள், ஆளுக்கு ஒரு கதவு. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல், யார் கூப்பிட்டாலும் நிற்காமல், அவரவர் கதவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். மாறி ஓடினால் ஒருவர் மேல் ஒருவர் முட்டி விழுந்து எல்லாரும் போய்விடுவார்கள். வடக்குக் கதவு என் மனைவியுடையது. கிழக்குக் கதவு மாரிசெல்வி என்கிற பெண்ணுடையது. இதைப் பழக்கியது போர்மேனாக இருந்த நான்தான். சீசன் தொடங்கும்போது விசில் அடித்து எல்லாரையும் ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒருமுறை என் மனைவி மாரிசெல்வியின் பின்னால் கிழக்குக் கதவு வழியே வந்துவிட்டாள். கட்டினவளுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதென்று, அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதன் பிறகு அவள் ஒருநாளும் மாறிப் போனதில்லை. வாடகை வீட்டில் இருந்தபோது ஒருமுறை அடுப்பில் தீப்பிடித்தது. அன்றைக்கு வாசல் வழியாகத்தான் ஓடிவந்தாள். இந்த அறைக்குள் மட்டும் அவளுக்கு வாசலுக்கு ஓட வரவில்லை. அடைக்கச் சொன்னது அவள்தான், ஆனால் போர்மேன் நான். கல்லை எடுத்து வைத்தபோது எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அதை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஆம்புலன்சில் போகும்போது அவளுக்கு நினைவு இருந்தது. மகளைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "நான் கதவு மாறிப் போயிட்டேனாங்க?" என்று கேட்டாள். "இல்ல தாயி, உன் கதவுக்குத்தான் போன" என்று சொன்னேன். "அப்பச் சரி" என்றாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

இவ்வளவும் என் வாயால் சொன்னது, வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் கையெழுத்துக்குப் பதிலாக ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
பாண்டிச்செல்வம்

என் முன்பாக,
காவல் ஆய்வாளர்