எழும்பாத சப்பரம்

எலாதியோ: காலைத் தேய்ச்சு வை தம்பி. தூக்கித் தூக்கி வைக்காத. மேல இருக்கிறது மாதா, நெல்லு மூட்டை இல்ல.

செவேரோ: தேய்ச்சுத்தானே அண்ணே வைக்கிறேன்...

எலாதியோ: நீ தேய்க்கிற லட்சணத்துல மேல மெழுகுவர்த்தி எல்லாம் டான்ஸ் ஆடுது. கேக்கலியா சத்தம்?

செவேரோ: எனக்கு இந்த இருட்டுல உங்க முழங்கையைத் தவிர ஒண்ணும் தெரியல.

எலாதியோ: தெரிய வேண்டாம். சப்பரத்துக்கு அடியில வர்றவனுக்குக் கண்ணு எதுக்கு? கழுத்து போதும். சும்மாடு சரியா உக்காந்திருக்கா?

செவேரோ: உக்காந்திருக்கு. புருவம் வரைக்கும் இழுத்துக் கட்டிட்டேன்.

எலாதியோ: நல்லா இழுத்துத்தான் கட்டியிருக்க. பெத்தவ வந்து பாத்தாகூட அடையாளம் தெரியாது.

செவேரோ: ...எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான் கட்டுவோம்.

எலாதியோ: எந்த ஊரு?

செவேரோ: கொர்தோபா பக்கம். சின்ன வயசுல அங்க பரிசுத்த வாரம் வந்தா நான்தான் முதல் ஆளா நிப்பேன். இங்க ஆணி, பூட்டு விக்கிற கடையில வேலை.

எலாதியோ: யாரு கடை?

செவேரோ: அது... புதுக் கடை.

மேஸ்திரி: நில்லு! எல்லாரும் நில்லுங்கடா! அசையாத!

செவேரோ: என்னாச்சு அண்ணே? ஏன் நிறுத்திட்டாரு?

எலாதியோ: ஷ்ஷ்... பாட்டு. மருந்துக்கடை மாடியில அந்தப் பொண்ணு பியெதாத் நின்னு மாதாவுக்குப் பாடுது. கேளு.

செவேரோ: இறக்கி வச்சுட்டுக் கேக்கலாமே...

எலாதியோ: பாட்டு முடியிற வரைக்கும் கழுத்துலதான். என்ன, கொர்தோபாக்காரனுக்கு அதுக்குள்ள வலிக்குதா?

செவேரோ: வலியெல்லாம் இல்ல.

எலாதியோ: பொய். எனக்கே வலிக்குது.

செவேரோ: அண்ணே... ஒண்ணு கேக்கலாமா? மத்தவங்க ஏன் வாயே திறக்க மாட்டேங்குறாங்க? நம்ம ரெண்டு பேர் மட்டும்தான் பேசிக்கிட்டு வர்றோம்.

எலாதியோ: ஜெபம் பண்றாங்க. நீயும் பண்ணலாம், யாரு வேண்டாம்னா?

செவேரோ: கடையில ஒரு பேச்சு அடிபட்டுச்சு. இன்னைக்குப் பேராலயத்துக்குள்ள ஏதோ நடக்கப் போகுதுன்னு...

எலாதியோ: ஆணி வாங்க வந்தவன் சொன்னானா, பூட்டு வாங்க வந்தவன் சொன்னானா?

செவேரோ: விளையாடாதீங்க அண்ணே. நிஜமா?

எலாதியோ: நிஜமா இருந்தா என்ன பண்ணுவ?

செவேரோ: என்னன்னு தெரிஞ்சாத்தானே...

எலாதியோ: தெரிஞ்சுக்க. ஒளிக்க என்ன இருக்கு? இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் தெரியத்தான் போகுது. வருஷா வருஷம் என்ன பண்ணுவோம்? பேராலயத்துக்குள்ள நுழைவோம், பெரிய பீடத்துக்கு முன்னால மாதாவை இறக்குவோம், பெரிய சாமியார் ஜெபம் சொல்லுவாரு, மேஸ்திரி சுத்தியால மூணு தரம் தட்டுவாரு, தூக்கிக்கிட்டு அந்தப் பக்க வாசல் வழியா வெளிய போவோம். இன்னைக்கும் எல்லாம் நடக்கும். தூக்குறது மட்டும் நடக்காது.

செவேரோ: தூக்க மாட்டீங்களா!

எலாதியோ: கத்தாத. பாட்டு ஓடுதுல்ல.

செவேரோ: பின்னால ரெண்டு சபைக்காரங்க சப்பரம் வருதே? வழியை மறிச்சாப்ல ஆயிடுமே...

எலாதியோ: ஆகட்டும்னுதான்.

மேஸ்திரி: நடங்கடா என் ராசாக்களா! சின்ன அடி! சின்ன அடியா வை!

செவேரோ: எதுக்கு அண்ணே இந்த வம்பு? ஏழைங்களுக்கு இலவசமாப் போடுற அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்கா?

எலாதியோ: அட, அதுவும் கடையில தெரியுதா!

செவேரோ: ஊருக்கே தெரியுமே. பேராலயத்து உள்முற்றத்துல இருந்த கூடத்தை மூடிட்டாங்க. அங்க டிக்கெட் கவுண்டரும் காப்பிக் கடையும் வரப் போகுது, வெளியூர்க்காரங்களுக்கு. அவ்வளவுதானே?

எலாதியோ: அவ்வளவுதானேவா? உனக்கு அவ்வளவுதான்.

செவேரோ: சாப்பாட்டை யாரும் நிறுத்தலியே. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுக் கூடம், நல்ல மேசை, நாற்காலி, ஃபேன். பழைய கூடத்துல குளிர்காலத்துல விரல் விறைச்சுப் போகும்னு சொல்லுவாங்க. எதுல குறை?

எலாதியோ: நல்லா விசாரிச்சு வச்சிருக்க.

செவேரோ: பேராலயத்துக் கூரையும் ஒழுகுது அண்ணே. பிப்ரவரி மழையில வடக்குப் பக்கம் காரை பேந்து விழுந்துச்சு. முட்டி போட்டிருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு சாண் தள்ளி. அடுத்த மழையில தலையிலயே விழுந்தா யாரு பதில் சொல்றது? டிக்கெட் போட்டாத்தான் கூரை.

எலாதியோ: இங்க அடியில நிக்கிறவன்ல பாதிப் பேர் கொத்தனாரு. இனாமா ஏறிச் செஞ்சு குடுத்திருப்போம். ஒரு வார்த்தை கேட்டீங்களா?

செவேரோ: ...என்னையா கேக்குறீங்க?

எலாதியோ: அவங்களைச் சொன்னேன்.

செவேரோ: ஆமா... அவங்க கேட்டிருக்கலாம்.

மேஸ்திரி: வாசல் வந்தாச்சு! கேட்டுக்கோ, இதுதான் பெரிய கண்டம்! மாதா கிரீடத்துக்கும் வளைவுக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் இருக்கு! எல்லாரும் முட்டி போடு... ஒண்ணா... ஒண்ணா இறங்கு!

எலாதியோ: தம்பி, இப்பச் சொல்லு. பயமா இருந்தா சப்பரத்தைச் சுத்தியிருக்கிற துணியைத் தூக்கிட்டு வெளிய போயிடு. மாத்தாள் நடந்து வர்றான், அவன் வருவான். உன்னைத் தப்பா நெனைக்க மாட்டோம்.

செவேரோ: நான் போக மாட்டேன்.

எலாதியோ: சபையை விட்டு எல்லாரையும் நீக்கலாம். அடுத்த வருஷம் சப்பரத்தைத் தொடவே விடாமப் போகலாம்.

செவேரோ: போக மாட்டேன்னுட்டேன்ல! முட்டி போடுங்க.

மேஸ்திரி: இறங்கு... இறங்கு... வலது பக்கம் இன்னும் கொஞ்சம்! எந்த நாய் தலையைத் தூக்குறது? அப்படித்தான்... முட்டியாலயே நட...

செவேரோ: அம்மா... மாதாவே...

எலாதியோ: மூச்சை விடு. அடக்காத. விட்டு விட்டு இழு.

செவேரோ: முட்டி... தோலு போச்சு அண்ணே...

எலாதியோ: எனக்கும்தான். கல்லு குளிருதா? அப்ப உள்ள வந்துட்டோம். இன்னும் ரெண்டு இழுப்பு...

மேஸ்திரி: எழு! அப்படிப் போடு! ஊரு கை தட்டுது பாருங்கடா! என் கண்ணுங்களா, நேரா பீடத்துக்கு!

செவேரோ: அண்ணே, கேளுங்க. தெருவுல எங்கேயாவது இறக்கிச் சண்டை போடுங்க. ஆயர் மாளிகை வாசல்ல போடுங்க. பெரிய வியாழன் அன்னைக்கு, பீடத்துக்கு முன்னால... மாதாவை வச்சுக்கிட்டா?

எலாதியோ: அவளுக்குப் பசி தெரியாதா?

செவேரோ: அதுக்கில்ல...

எலாதியோ: அஞ்சு வாட்டி மனு குடுத்தோம். பரிசீலிக்கிறோம்னாங்க. ஆளுங்க போய் நின்னோம். பொருளாளர் சாமியாரு ஊர்ல இல்லன்னாங்க. இந்த ஊர்ல எங்க முகத்தை எவனும் பாக்க மாட்டான் தம்பி. மாதாவைப் பாப்பான். அவ அசையலன்னாத்தான் அடியில மனுஷன் இருக்கான்னே ஞாபகம் வரும்.

மேஸ்திரி: இறக்கு! மெதுவா... பஞ்சு மாதிரி... சபாஷ்.

எலாதியோ: உக்காரு. காலை நீட்டிக்க. ஜெபம் கொஞ்சம் நீளம்.

செவேரோ: உங்களுக்கும் அந்தக் கூடத்துக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?

எலாதியோ: பரிமாறுவேன். வியாழக்கிழமைன்னா கொண்டைக்கடலையும் கீரையும்.

செவேரோ: அப்ப பஸ் ஸ்டாண்டுல போய்ப் பரிமாறுங்க! பரிமாறுறவருக்கு எடம் எதுவா இருந்தா என்ன? இதுக்குப் போய் இத்தனை வீம்பா!

மேஸ்திரி: ஜெபம் முடிஞ்சுது! தயாரா? ஒரே மூச்சுல வானத்துக்கு! சுத்தி தட்டுறேன்... ஒண்ணு... ரெண்டு... மூணு!

செவேரோ: அண்ணே.

எலாதியோ: உக்காந்திரு.

மேஸ்திரி: என்னடா? தூங்கிட்டீங்களா? மறுபடியும்... ஒண்ணு, ரெண்டு, மூணு! எலாதியோ! என்னடா பண்றீங்க உள்ள? ஊரே பாக்குது!

எலாதியோ: பாக்கட்டும் மேஸ்திரி. உள்முற்றத்துக் கூடத்தைத் திறக்கிறோம்னு பெரிய சாமியாரு மைக்குல சொல்லட்டும். சொன்ன அடுத்த நொடி மாதா எழும்புவா.

மேஸ்திரி: அடப்பாவிகளா! பின்னால முள்முடி சபைக்காரன் வாசல்ல சப்பரத்தோட நிக்கிறான்டா!

எலாதியோ: அவனும் உக்காரட்டும். கல்லு குளுகுளுன்னு இருக்கு.

மேஸ்திரி: இருங்க... சாமியாரு கூப்பிடுறாரு... வந்து கவனிச்சுக்கிறேன் உங்களை!

செவேரோ: தூக்குங்க அண்ணே. இப்பத் தூக்கினா மானம் போகாது. நாளைக்கு நான் பேசிப் பாக்குறேன்...

எலாதியோ: ஆணிக் கடைக்காரன் யாருகிட்டப் பேசுவான்?

மேஸ்திரி: எலாதியோ! கேளு. பெரிய சாமியாரு மூஞ்சி தக்காளியா இருக்கு. திறக்குறதுல அவருக்கு ஆட்சேபணை இல்லியாம். ஆனா கூடம் பொருளாளர் பொறுப்பாம். அவரு சரின்னு சொல்லாம இவரு வாக்குக் குடுக்க முடியாதாம். ஆளைத் தேடுறாங்க, எங்கேயும் காணோம். இப்பத் தூக்குங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றாரு.

எலாதியோ: கிடைக்கிற வரைக்கும் உக்காந்திருக்கோம்னு சொல்லுங்க.

செவேரோ: பிடிவாதம்! ஒரு கூடத்துக்கா? அதே கடலை, அதே கீரை! எங்க போட்டா என்ன?

எலாதியோ: நான் பரிமாறல.

செவேரோ: என்ன?

எலாதியோ: பரிமாறினேன்னு சொன்னது பொய். நான் அங்க சாப்பிட்டவன்.

செவேரோ: நீங்களா?

எலாதியோ: எண்ணெய் ஆலையில என்னை வேலையை விட்டு நிறுத்தினாங்க, அந்த வருஷம் பூரா. பெண்டாட்டிகிட்டச் சொல்லல. ஆலையிலயே மதியச் சாப்பாடு போடுறாங்கன்னு சொல்லிட்டேன். என் பங்கைப் பிள்ளைங்க சாப்பிட்டுதுங்க. காலையில சுத்தமா சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புவேன்... வந்து இந்த உள்முற்றத்துல ஆரஞ்சு மரத்தடியில உக்காந்திருப்பேன்.

செவேரோ: யாரும் பாக்கலியா?

எலாதியோ: எல்லாரும்தான் பாத்தாங்க. என் மச்சினன் பாத்தான், பக்கத்து வீட்டுக்காரி பாத்தா. என்ன நெனைச்சாங்க? எலாதியோவுக்குப் பக்தி முத்திடுச்சுன்னு நெனைச்சாங்க! பேராலயத்து வாசல்ல நுழையிறவன் கும்பிடப் போறானா சாப்பிடப் போறானான்னு எவனுக்குத் தெரியும்? ஒரே வாசல். அந்த வாசல்தான் தம்பி என் மானத்தைக் காப்பாத்துச்சு. பஸ் ஸ்டாண்டுல எனக்கு ஃபேன் போடுவீங்க... ஆனா எதுக்கு அங்க நிக்கிறேன்னு ஊருக்கே தெரியும். நான் போயிருக்க மாட்டேன். பட்டினி கிடந்திருப்பேன். பழைய கூடத்துல சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேரை இப்ப அங்க காணோம். எங்க போனாங்கன்னு யாராவது தேடினாங்களா? கணக்குல ஆள் குறைஞ்சிடுச்சு, பசி குறைஞ்சிடுச்சுன்னு எழுதிக்கிட்டாங்க.

செவேரோ: ...ஆமா. அப்படித்தான் எழுதினோம்.

எலாதியோ: இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப இங்க அத்தனை பேர் காதுலயும் விழுந்துடுச்சு. போகட்டும். வெக்கமாத்தான் இருக்கு. ஆனாலும் தூக்க மாட்டேன்.

செவேரோ: மேஸ்திரி! ...மேஸ்திரி, இங்க வாங்க!

மேஸ்திரி: என்னடா?

செவேரோ: பெரிய சாமியார்கிட்டப் போய்ச் சொல்லுங்க. பொருளாளர் சரின்னு சொல்லிட்டாருன்னு. கூடம் பழைய எடத்துலதான், ஈஸ்டர் முடிஞ்ச திங்கள் மதியத்துலேர்ந்து. காப்பிக் கடைக்கு வேற எடம் பாத்துக்கலாம். இதை மைக்குல சொல்லச் சொல்லுங்க.

மேஸ்திரி: எந்தப் பொருளாளர்? எங்க இருக்காரு?

செவேரோ: இங்கதான். நான்தான் பொருளாளர் காசியானோ. வேணும்னா துணியைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. ஆனா நான் வெளிய வரல, தூக்க ஆள் குறையும்.

மேஸ்திரி: போறேன் சாமி... ஓடுறேன்!

செவேரோ: எலாதியோ அண்ணே... உங்களைத் தூக்க வைக்கணும்னுதான் நான் வந்தேன். வம்பு பண்ணப் போறீங்கன்னு காதுல விழுந்துச்சு. உள்ள ஒருத்தன் எழும்பினா மத்தவங்களும் எழும்பிடுவாங்கன்னு கணக்குப் போட்டேன். கடையும் பொய், செவேரோங்கிற பேரும் பொய். ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.

எலாதியோ: கேட்டீங்களா சாமி, மைக்குல சொல்றாரு... திங்கள் மதியம்னு சொல்லிட்டாரு! பேராலயமே கை தட்டுது. நீங்கதான் எங்களை மன்னிக்கணும், தம்பி தம்பின்னு வாய் கூசாமக் கூப்பிட்டதுக்கு. மாதா மேல ஆணையா, சாப்பிட்ட கதை நிஜம். ஆனா நீங்க ஆள் மாறி வரப் போறீங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்; பொருளாளர் சாமியாரு அடியில வரட்டும், நடுவுல எடம் விட்டு வைங்கடா, எவனும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு போன வாரமே பேசி வச்சுட்டோம், வெளிய கத்துன மேஸ்திரி உள்பட... சுத்தி தட்டுறாரு, கழுத்தைக் குடுங்க சாமி.