மூணாம் அத்தியாயத்துல செத்தவன்

ஹலோ... உஸ்தாத் ரம்ஸிங்களா?... நான் நிவீன். உங்க நாவலை ரமலான் சீரியலா எழுதறேனே, அந்த நிவீன்... ஆமா, ஆமா, ரமலானே முடியப் போகுது, இப்பத்தான் கூப்பிடறேன். தெரியும்... திட்டுங்க உஸ்தாத்.

இல்ல, கேளுங்க... ஹலோ?... இருக்கீங்களா? சரி. புத்தகத்துல ஹில்மி மூணாவது அத்தியாயத்துலயே நைல் ஆத்துல மூழ்கிடறான். நான் சாகவிடல. முப்பது நாளும் இழுக்கணுமே! கடை வச்சுக் கொடுத்து, கல்யாணம் பண்ணி வச்சு... ஆமா, குழந்தையும் பொறந்தாச்சு... சிரிக்கறீங்களா? எனக்கு மானம் போகுது உஸ்தாத். நாவலை எப்படிப் படமாக்கறதுன்னு காலேஜ்ல பாடம் நடத்தறவ நான். எழுதினவரைக் கேக்காம கை வைக்காதீங்கன்னு வாய் கிழியப் பேசுவேன். நேத்து ஒரு பொண்ணு எந்திரிச்சு, "நீங்க கேட்டீங்களா மேடம்?"ங்கறா. வகுப்பே என்னைப் பாக்குது. தலை நிமிர முடியல.

அதான் சரி பண்ணிட்டேன்! ஆத்தங்கரையில ஷூட்டிங்லதான் நிக்கறேன். நம்ம ஊர் வழக்கம்தானே, ஒரு பக்கம் டிவியில ஓடும், ஒரு பக்கம் எடுத்துட்டே இருப்போம். கடைசி எபிசோட். ஹில்மி மூழ்கிடறான். புத்தகத்துல இருக்கற மாதிரியே, அப்படியே...

என்ன?... யாரு?... உங்க சொந்தத் தம்பியா?... நிஜமாவே ஆத்தோட போனவனா?... பேரைக்கூட மாத்தலையா...

சத்தியமா எனக்குத் தெரியாது... உங்க அம்மாவா?... ம்... நோன்பு திறந்ததும் டிவி முன்னாடி... ம்... "என் பிள்ளை நல்லாருக்கான், மருமகளும் பரவாயில்ல"ன்னு... ஐயோ.

இது வெறும் கதைன்னு அவங்களுக்கு... ம். தெரியும். தெரிஞ்சுதான் பாக்கறாங்க.

அதனாலதான் நீங்க கூப்பிட்டுத் திட்டவே இல்லையா? நான் என்னடான்னா... என் மானத்தைக் காப்பாத்திக்க அவனை ரெண்டாவது தடவை... ச்சே! வெக்கமா இருக்கு உஸ்தாத். முன்னாடி வெக்கப்பட்டதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

இருங்க, இருங்க... ஏய், நிறுத்துங்கப்பா! அவனைப் படகுல ஏத்தாதீங்க!... உங்களை இல்ல உஸ்தாத்... முடிவா? தெரியல. குழந்தையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும். பெருநாளைக்குப் புதுத்துணி வாங்கட்டும்... அழாதீங்க...

வைக்கறேன் உஸ்தாத், ஓடணும். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் இன்னும் தண்ணியில இறங்கல.