பெத்தவளும் வந்தவளும்

இல்லை அண்ணை, கூட்டிக்கொண்டு போறதெண்டா நல்லாக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கட பெட்டை, நீங்கள் பெத்தது. குறுக்கை நிக்க நான் ஆர்? கஜனி சுஜிதனைக் கிளினிக்குக்குக் கொண்டு போயிட்டாள், வந்திடுவாள். அதுவரைக்கும் உந்தக் கதிரையை மாமரத்து நிழலுக்கை இழுத்துப் போட்டு இருங்கோ. பயப்பிடாதேங்கோ, அது என்ர பெடியன்ர கதிரை இல்லை. அவன்ர கதிரைக்குச் சில்லு இருக்கு. ஓட்டோக்காரரையும் உள்ளை வரச் சொல்லுங்கோவன். நெடுங்கேணியிலை இருந்து ஓடி வந்த மனிசன் வெய்யிலுக்கை நிண்டு காயுறார். இந்தாங்கோ, தேத்தண்ணி. சீனி காணுமோ?

என்ன கேட்டனீங்கள்? உங்கட பெட்டையிலை எனக்கு எரிச்சலோ எண்டோ? ஓம், எரிச்சல் தான். கனகராயன்குளத்துக்கே தெரிஞ்ச விசயத்தை உங்களுக்கு ஏன் ஒளிப்பான்? அறநெறிப் பாடசாலையிலை பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு, பொறாமை எண்டது சொந்த வீட்டுக்குத் தானே நெருப்பு வைக்கிற குணம் எண்டு படிப்பிச்ச அன்னபாக்கியம் தான் இது. படிப்பிக்கிறது லேசு அண்ணை. ஒரே குசினியிலை ரெண்டு பேர் நிண்டு பாக்கோணும், அப்ப தெரியும்.

தை மாசம் பொங்கல் கழிஞ்சு தன்ரையும் கஜனியின்ரையும் கலியாணத்தைச் சொல்லப் போனவன் சுஜிதன். உங்களுக்கும் தெரியும் தானே, கார்ட் அடிச்சு வவுனியாப் பக்கம் எல்லா வீட்டையும் சொல்லி முடிச்சாச்சு, பளைச் சொந்தங்கள் மட்டும் மிச்சம். தபாலிலை போட்டுவிடு எண்டனான். இல்லையம்மா, வாசல்லை நிண்டு வாயாலை சொன்னாத்தான் சொன்ன மாதிரி எண்டு போட்டு, விடியக் கருக்கலோடை காரை எடுத்தான். மாங்குளம் தாண்டி ஒரு லொறி லைற் இல்லாமல் எதிரை வந்து இடிச்சுப் போட்டுது. காரை வெட்டித்தான் ஆளை வெளியிலை எடுத்தவை. உயிர் மிஞ்சினது. இடுப்புக்குக் கீழை ஒண்டும் மிஞ்சேல்லை.

ஆஸ்பத்திரியிலை கண் முழிக்கேக்கை தலைமாட்டிலை நிண்டது நான். வேற ஒருத்தரும் இல்லை. என்ர முகத்தைப் பாத்தான். பாத்துப்போட்டு, கஜனிக்குச் சொன்னனீங்களோ எண்டு கேட்டான். முதல் கதையே அது தான். நித்திரை இல்லாமல், பச்சைத் தண்ணி குடியாமல் காத்துக் கிடந்த தாய் நான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்கோ பாப்பம்.

பிறகு வீட்டை கொண்டு வந்த அண்டு பின்னேரம், ஒரு உடுப்புப் பாக்கைத் தூக்கிக்கொண்டு உங்கட பெட்டை படலையடியிலை வந்து இறங்கினாள். கழுத்திலை தாலி இல்லை, கலியாணப் பதிவு எழுத்தும் இல்லை. உங்களுக்குச் சொல்லாமல் வந்தவள் எண்டு தெரியும், அது தானே உங்கட கொதி. ஆனா ஒண்டு அண்ணை, ஊர் என்ன கதைச்சாலும் நம்பாதேங்கோ. அண்டு தொட்டு அவள் படுக்கிறது என்ர அறையிலை, என்ர பாயிலை. அவள் கை காலை எறிஞ்சு படுக்கிறதாலை எனக்குத்தான் நித்திரை இல்லை. சின்னனிலையும் அப்பிடித்தானோ? நினைச்சனான்.

அவனை அடிக்கடி பிரட்டிவிடோணும், இல்லாட்டிப் புண் வைக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். நான் பிரட்டினா, மெல்லம்மா, தோள் நோகுது எண்டுவான். அவள் பிரட்டினா, என்னடி நெல்லு மூட்டையே உருட்டுறாய் எண்டு பகிடி விடுவான். அவளும் விடமாட்டாள், நெல்லு மூட்டை எண்டா வித்தாவது தொலைக்கலாம் எண்டுவாள். ரெண்டும் சிரிக்கும். நான் குசினிக்கை நிண்டு கேட்டுக்கொண்டிருப்பன். இந்த வீட்டிலை சிரிப்புச் சத்தம் கேக்க நேந்து வைச்சவளும் நான் தான், அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சட்டியைப் போட்டு இடிக்கிறவளும் நான் தான்.

ஒரு நாள் அவள் வைச்ச மீன்குழம்பை நான் வைச்சதெண்டு சொல்லிக் குடுத்தனான். அம்மா, இண்டைக்குத்தான் நல்லா வாய்ச்சிருக்கு எண்டு வழிச்சுத் திண்டான். அவள் எனக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிப்போட்டுப் போறாள். காட்டிக் குடுத்திருந்தாலும் பரவாயில்லை அண்ணை. பெருந்தன்மையைத் தாங்கேலாது.

பிள்ளையளுக்கு நான் ஒரு கதை சொல்லுறனான், கேளுங்கோ. ஒரு வயல், அதுக்கு ரெண்டு வாய்க்கால். மேல் வாய்க்கால் தான் முதல்லை தண்ணி விட்டு, நாத்து நட்ட நாள் தொட்டு அந்த வயலை வளத்தது. ஒரு வருசம் குளம் வத்தி, மேல் வாய்க்கால் வெடிச்சுப் போச்சு. கீழ் வாய்க்காலிலை எங்கையிருந்தோ ஊத்துத் தண்ணி வந்தது. பயிர் தலை தூக்கிச்சுது. மேல் வாய்க்காலுக்குப் பொறுக்கேல்லை. பயிர் கருகினாலும் பரவாயில்லை, என்ர பயிராக் கருகட்டும் எண்டு வரம்பிலை மண்ணை இடிச்சு விழுத்திக் கீழ் வாய்க்காலை அடைச்சுப் போட்டுது. அப்ப அந்த வாய்க்காலுக்கு வயலிலை அன்போ, தன்னிலை அன்போ எண்டு பிள்ளையளைக் கேப்பன். எல்லாம் கையை உயத்தும். கையை உயத்தாமல் இருந்தது படிப்பிச்ச ரீச்சர் ஒராள் தான்.

இல்லையண்ணை, நீங்கள் சொல்லுறது நியாயம். இளம் பெட்டை, முழுக் காலமும் கிடக்கு, அழுந்தப் போறாள் எண்டு தகப்பன் நினைக்காமல் வேற ஆர் நினைக்கிறது? நானும் சொன்னனான், போடி, போய் நல்ல இடத்திலை வாழடி எண்டு. அவள் என்ன கேட்டவள் தெரியுமோ? மாமி, அண்டைக்கு நானும் அந்தக் காரிலை ஏறியிருந்து, எனக்குக் கால் போய், அவர் தப்பியிருந்தா, என்னைக் கொண்டுபோய் அப்பா வீட்டை விட்டிருப்பியளோ எண்டாள். நான் கொதியிலை ஓம் எண்டனான். அவள் சிரிச்சுப்போட்டு வெங்காயத்தை உரிச்சாள். வெங்காயத்துக்குத்தான் அழுதவள் எண்டு நானும் விட்டிட்டன்.

இதையும் கேட்டுப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ. சித்திரையிலை அவன் சாப்பாட்டை விட்டான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நான் இருந்து என்ன பிரயோசனம், அவளையும் போகச் சொல்லுங்கோ எண்டான். நான் காலைப் பிடிச்சனான் அண்ணை. அந்தக் காலிலை பிடிச்சது தெரியாதெண்டு பிறகு கையையும் பிடிச்சனான். வாய் திறக்கேல்லை. கஜனி சோத்துக் கோப்பையோடை வந்தாள். கெஞ்சேல்லை, அழேல்லை. லொறிக்காரன் ஒருக்காத்தான் இடிச்சவன், நீர் அம்மாவை ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் இடிக்கிறீர், வெக்கமில்லையோ எண்டு ஏசினாள். எனக்காகக் கதைச்சவள், விளங்குதோ? தனக்காக இல்லை. அவன் சுவர்ப்பக்கத்தாலை முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தான். அவள் சோத்தைக் குழைச்சுத் தீத்தினாள்.

என்ர கண்ணீருக்குத் திறக்காத வாய், அவளின்ரை ஏச்சுக்குத் திறந்தது. அண்டைக்கு என்ர பிள்ளை பிழைச்சான் எண்டு நான் கும்பிட்டிருக்கோணும். கும்பிடேல்லை. கொல்லைக்கை போய் நிண்டு, என்ர கையாலை ஏன் பிழைக்கேல்லை எண்டு தான் அழுதனான். இப்பிடியும் ஒரு தாய் இருக்கலாமோ? இருக்கிறாள், உங்களுக்கு முன்னாலை நிக்கிறாள். நீங்கள் வேற மாதிரி எண்டு நினையாதேங்கோ. உங்கட பெட்டை சுகமாய் இருக்கோணும் எண்ட ஆசை ஒரு பக்கம், என்னை விட்டிட்டு அவனிட்டைப் போனாளே எண்ட எரிச்சல் ஒரு பக்கம். ரெண்டும் ஒரே சட்டியிலை கொதிக்குது. எது எது எண்டு பிரிச்செடுக்காமல் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது அண்ணை. நாங்கள் பெத்தது எங்களுக்குக் காவல் நிக்க இல்லை. அதுகளுக்கும் ஒரு சீவியம் இருக்கு. சொந்தப் பசிக்குப் பிள்ளையைத் தின்னுறதுக்குப் பாசம் எண்டு பேர் வைச்சுக்கொண்டு திரியிறம், அவ்வளவு தான்.

என்னவாம்? ஓட்டோக்காரர் என்ன சொல்லுறார்? இண்டைக்குப் பறுவம், அரசாங்கப் போயா லீவோ? போயாவிலை கிளினிக் இல்லையோ? ஓம் என்ன, அதை நான் யோசிக்கேல்லை. இப்ப மணி என்ன? பத்தரை தாண்டியிட்டுதோ? அப்ப சரி.

இருங்கோ, எழும்பாதேங்கோ. ஓடிப் போய்ப் பிரயோசனம் இல்லை. அவை முறிகண்டிப் பிள்ளையாரடியிலை நிக்கினம். ஏ-நைன் றோட்டாலை போற வாகனம் எல்லாம் நிண்டு கற்பூரம் கொளுத்திப் போற இடம். அவை போன வான், எங்கட ஊர்ச் சின்னராசாவின்ரை வானும் அதுக்கை ஒண்டாய் நிண்டா ஆர் திரும்பிப் பாக்கப் போயினம்? தகப்பன் இல்லாமல் ஆர் தாரை வாக்கிறது எண்டு ஐயர் கேட்டவராம். தாய்மாமன் ஜனகன் வாக்கிறன் எண்டு வந்திருக்கிறான். ஓம், உங்கட மனுசியின்ரை தம்பி தான். மனுசி எங்கையெண்டோ? பளையிலை தமக்கைக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டே வெளிக்கிட்டவா? பாருங்கோவன், பொய் சொல்லத் தெரியாத மனுசி எண்டு நினைச்சன்.

என்னோடை கோவிக்கிறதெண்டா நல்லாக் கோவியுங்கோ. தாலிப் பவுனை நான் தான் உருக்கக் குடுத்தனான், நாளையும் நான் தான் பாத்தனான். நீங்கள் இண்டைக்கு வாறியள் எண்டு தெரிஞ்ச உடனை, உங்களை ஆர் கதைச்சு வைச்சிருக்கிறது எண்டு எல்லாரும் ஆளுக்காள் முழிச்சினம். அன்னபாக்கியத்தின்ரை வாயை விட்டா வேற ஆரிட்டை இருக்கு? நீங்கள் ஏறுங்கோ, நான் நிக்கிறன் எண்டன். கஜனி வானாலை இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாள். போடி, சேலை கசங்கும் எண்டு தள்ளிவிட்டனான்.

இப்ப அவன் கட்டியிருப்பான். கதிரையிலை இருந்தபடி தானே, அவள் தான் குனிஞ்சு குடுத்திருப்பாள். உங்கட மனுசி பக்கத்திலை நிண்டு பாத்திருப்பா. குடுத்து வைச்சவா. என்ர ஒரே பிள்ளை தாலி கட்டேக்கை, சம்பந்தி, நான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டெல்லே நிண்டனான்.