படிக்காத கடிதமும் பொட்டு வைத்த பிளாப்பியும்

ஹலோ… ஆமா, ஷரீப் கம்ப்யூட்டர் சர்வீஸ், அரியாங்குப்பம்தான். சொல்லுங்க… கொஞ்சம் மெதுவா சார், அங்க ஒரே கூச்சலா இருக்குது… எங்கேருந்து பேசுறீங்க?… வில்லியனூர்… விவசாயிகள் சங்க ஆபீஸ்… சரி… மேனேஜர் அரங்கநாதனே பேசுறீங்களா?

…

இல்ல சார், லைன்லதான் இருக்கேன். பொட்டிய வித்த மெட்ராஸ் கம்பெனிக்காரங்க இந்த நம்பரக் குடுத்தாங்களா? நல்லதாப் போச்சு… ஷரீப் இருக்காரு, ஆனா ரிப்பேர் விசயமெல்லாம் நான்தான் பாக்கறேன்… பேரு அப்புறம் சொல்றேன். மொதல்ல நோவு இன்னான்னு சொல்லுங்க.

ம்… செவப்பு லைட்டு எரியுது… ம்… கர்ர் கர்ர்னு சத்தம்… திரையில இன்னா எழுதியிருக்கு? படிங்க… 'எரர் ரீடிங் ட்ரைவ் ஏ'… போதும் சார், போதும்.

ஏன் பதறுறீங்க? மணி பதினொண்ணுதானே ஆவுது. ஜனம் எத்தினி பேரு நிக்கறாங்க?… இருநூறு பேரா! கடலூர்லேருந்து விதை நெல்லு லாரியும் வந்துடுச்சா… அடடா. அப்ப சீட்டக் கையால எழுதிக் குடுத்துடுங்களேன்… ஓ. 'கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் மூட்டை இல்லை'ன்னு போர்டு… நீங்களே மாட்டனதா? யாருக்கு எத்தினி மூட்டைங்கறதும் பொட்டிக்குள்ளதான் இருக்குதா… ஆமாமா, கஷ்டம்தான். சங்கத் தலைவரும் வந்துட்டாரா? பக்கத்துலயே நிக்கறாரா? பலராமன் ஐயாதானே… தெரியும் சார். அவர எனக்குத் தெரியும். உங்கள அதவிட நல்லாத் தெரியும்.

சரி, அந்த ப்ரோக்ராம் பிளாப்பிய வெளிய எடுங்க… எடுத்தாச்சா? கறுப்பு உறைக்கு நடுவுல நீளமா ஒரு சந்து இருக்குமே, உள்ள பழுப்புத் தட்டு தெரியுமே… அதுல இன்னா இருக்கு?… ஒண்ணுமில்லையா? ஜன்னலாண்ட போயி வெளிச்சத்துல பாருங்க… மஞ்சளா… நடுவுல செவப்பா… இன்னா சார் அது? வாயத் தொறந்து சொல்லுங்க… நானே சொல்றேன். சந்தனம். குங்குமம். நேத்து ஆயுத பூஜை.

எப்படித் தெரியுமா? போன வருசம் பூஜைக்கு மறுநாளு இதே சத்தம் கேட்டப்ப, உங்க எதிர்ல நின்னது நான்தானே. பரிதா. ஆபரேட்டர் பரிதா.

…

வெச்சிடாதீங்க சார்! வெச்சா நாளைக்குக் காலைலதான் மெட்ராஸ்லேருந்து ஆளு வரும். அதுவரைக்கும் இருநூறு பேருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்… ம். அப்படி வாங்க வழிக்கு.

இல்ல, பூஜைய நான் கொறை சொல்லவே இல்ல. போன வருசம் பொரியும் சுண்டலும் எனக்கும்தான் குடுத்தீங்க, வாங்கி சாப்ட்டேன். பொட்டு பொட்டி மேல இருந்தா துணியால தொடச்சிட்டுப் போயிருப்பேன். 'மிஷினுக்கு உயிரே இந்தக் கண்ணுதான்'னு அந்தச் சந்துல மூணு வெரலால இழுத்தது யாரு? நானா?… நல்லா ஞாபகப்படுத்திக்கோங்க.

சரி, காப்பி பிளாப்பி ஒண்ணு இருக்குமே… அதயும் போட்டுப் பாத்தீங்களா? அதுவும் படிக்கல… பக்கத்து ட்ரைவுல?… ரெண்டையும் மாத்தி மாத்தியா! ஆகா. சார், கேளுங்க. தட்டுல இருந்த சந்தனம் ட்ரைவுக்குள்ள படிக்கிற முனையில ஒட்டிக்கிச்சு. அந்த அழுக்கு முனை, நல்ல தட்டு வந்தா அதயும் சொரண்டிப்புடும். ஒண்ணு படிக்கலன்னா அடுத்ததப் போடவே கூடாது. இதத்தான் அன்னிக்கி சொன்னேன். 'நீ வாய மூடு'ன்னீங்க.

அப்பறம் மெட்ராஸ்காரர் வந்து தொடச்சிட்டு, புது பிளாப்பி குடுத்தாரே, அவரும் சந்தனம்னுதானே சொன்னாரு? அப்பவாவது என்னக் கூப்பிட்டீங்களா?… இல்ல. 'கவனக்குறைவால் சங்கச் சொத்தைப் பாழாக்கியவர்.' ஒரே வரி. வேலைய விட்டுத் தூக்கி, நோட்டீஸ் போர்டுல ஒட்டனீங்க. மூணு எடத்துல வேல கேட்டுப் போனேன் சார். மூணு எடத்துலயும் 'ஓ, அந்தப் பொண்ணா'ன்னாங்க.

கத்தாதீங்க… கெஞ்சவும் வேணாம். நல்ல பிளாப்பி ஒண்ணு உங்க ஆபீஸ்லயே இருக்கு.

எங்கயா? என் ஃபைல்ல. பச்சை பீரோ, ரெண்டாவது தட்டு. ஆபீஸ் கூட்டற சின்னபொண்ணு அக்காகிட்ட சாவி இருக்கும்… போயி எடுத்தாங்க. நான் எங்கயும் போவ மாட்டேன்.

(ஷரீப் மச்சான், அந்த ஸ்பிரிட்டு பாட்டிலயும் பஞ்சையும் பையில வெச்சிக்கோ… எதுக்கா? ஒரு வருசம் காத்திருந்ததுக்கு. சிரிக்காத, போன்ல கேக்கும்!)

ஹாங், சார்… கெடச்சிதா? கடைசியில பெருசா ஒரு கவர்… அதேதான். நான் குடுத்த விளக்கக் கடுதாசி. உள்ள ரெண்டு அட்டைக்கு நடுவுல, போன வருசம் பூஜைக்கு முன்னாலயே நான் காப்பி எடுத்து வெச்ச பிளாப்பி இருக்கு. அதே ப்ரோக்ராம்தான், இன்னும் மாறல. கவர் மேல உங்க கையால இன்னா எழுதியிருக்கு?… ஏன் முழுங்கறீங்க? 'படித்தேன். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல.' கீழ கையெழுத்து, தேதி. என் கண்ணு முன்னாலதானே எழுதனீங்க. இப்ப கவரத் திருப்புங்க. ஒட்டன எடத்துல நான் குறுக்கால கையெழுத்துப் போட்டிருந்தேனே, அது கிழிஞ்சிருக்கா?… கேக்கல… கிழியலையா? தலைவருக்குக் கேக்கறாப்பல இன்னொரு தடவ சொல்லுங்க.

பிரிக்காத கடுதாசிய எப்படி சார் படிச்சீங்க?

…

கவர அவரு கையில குடுங்க. அவரு பிரிக்கட்டும். மொதல்ல கடுதாசிய சத்தமா படிக்கட்டும். பிளாப்பியத் தொடாதீங்க. மொதல்ல கடுதாசி… கேக்குதா? கடுதாசிதான் மொதல்ல… சார்?… சார், இன்னா அது சத்தம்?… கர்ருங்குது… இன்னா பண்ணீங்க? பிளாப்பிய அவருகிட்டேருந்து புடுங்கிட்டீங்களா?… உள்ள போட்டுட்டீங்களா!

…

யாரு? தலைவர் ஐயாவா! வணக்கங்க. நான் பரிதா… ஆமாங்க, ஜலாலுதீன் பொண்ணுதான். கடுதாசி உங்க கையிலதானே இருக்கு? மொத வரியப் படிங்க ஐயா… ஆமாங்க, அப்படித்தான் எழுதனேன். 'இந்த நல்ல பிளாப்பியைப் போடுமுன் ட்ரைவை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கவும். துடைக்காமல் போட்டால் இதுவும் வீணாகும்.'… ஆமாங்க. போன வருசமே எழுதி வெச்சது. ரெண்டாவது வரி… சந்தனம், குங்குமம், யாரு கை… எல்லாம் இருக்குதுங்களா? ரொம்ப நல்லது. எனக்கு அது போதும்.

இல்லீங்க ஐயா, ஜனத்த நான் காய வெப்பனா? அவங்க எனக்கு இன்னா பண்ணாங்க? எங்க மச்சான் இப்பவே ஸ்கூட்டர்ல கெளம்பறாரு. ரெண்டு ட்ரைவையும் கழட்டித் தொடச்சிடுவாரு… பிளாப்பியா? இருக்குங்க. கவர்ல ஒண்ணு வெச்சேன், வூட்ல ஒண்ணு வெச்சிக்கிட்டேன். அந்தாளு கையில ஒரே ஒரு காப்பியக் குடுக்க நான் இன்னா பைத்தியமா?

ஆனா அத மச்சான் எடுத்தார மாட்டாருங்க. மேனேஜர் நேர்ல வந்து எங்கிட்ட வாங்கிக்கணும். வரும்போது கையில ஒரு உத்தரவு இருக்கணும். பிளாப்பியப் பாழாக்கனது நான் இல்ல, அவருதான்னு அவரு கைப்பட எழுதி, கீழ உங்க கையெழுத்து. ஒரு நகலு நோட்டீஸ் போர்டுல… போன வருசம் ஒட்டன அதே எடத்துல… ஆவட்டுங்களா?… இப்பவே எழுதச் சொல்றீங்களா? ரொம்ப நன்றிங்க… வேலையா? வேணாங்க ஐயா. மிஷினு மக்கர் பண்ணா போன் பண்ணுங்க, வந்து பாத்துக் குடுக்கறேன். அந்த நாற்காலில மறுபடி ஒக்கார மாட்டேன்.

போன அவருகிட்டக் குடுங்க…

சார்… ஒண்ணும் பேச வேணாம், கேட்டுக்கிட்டாப் போதும். பன்னெண்டுக்குள்ள வந்துடுங்க, ஜனம் வெயில்ல நிக்குது. மெயின் ரோட்டுல எறங்கனா போர்டு தெரியும். கடை வாசல்ல ஒரு பக்கெட்டுல தண்ணி வெச்சிருப்பேன். பக்கத்துல சோப்பு. உள்ள வர்றதுக்கு முன்னால வலது கையக் கழுவுங்க… ஆமா, எல்லாரும் பாக்கத்தான். அந்த மூணு வெரலயும் நல்லா தேச்சிக் கழுவி எங்கிட்டக் காட்டுங்க. அப்பறம்தான் பிளாப்பி.

வெச்சிடறேன்.