மாப்பிள்ளையின் இஞ்சிச்சாறு

சத்தியமாச் சொல்றேன் தம்பி, இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். ஃப்ளாஸ்க்கைக் கீழ வைங்க, வரிசை இப்போதைக்கு நகராது. சாறு யாருக்கு... வீட்டம்மாவுக்கா? ஆஸ்பத்திரியில புற்றுக்கு ஏத்தற ட்ரிப்பை நிறுத்திட்டீங்களா? சரியாப் போச்சு. அப்போ கேட்டே ஆகணும்.

உள்ள சாறு பிழியிறவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். வைத்தியர்னா நெனச்சீங்க? வீடு வீடாப் போய் கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கிறவர். புது மருந்து வந்தா ஒரு பூச்சியைப் பாட்டில்ல போட்டு ஒரு சொட்டு விடுவார். செத்துச்சுன்னா வீடு பூரா அடிச்சிடுவார். தங்கச்சிக்குப் புற்றுன்னதும் மனுஷனுக்குச் சோறு இறங்கலை. அப்பதான் போன்ல படிச்சார், இஞ்சியோட காரச் சத்து புற்றுச் செல்லைக் கொல்லுதாம். எங்க? ஆராய்ச்சிக்கூடத்துல, கண்ணாடித் தட்டுல. அதுக்குமேல படிக்கலை. தட்டும் பாட்டிலும் அவருக்கு ஒண்ணுதானே. அந்தத் தட்டுல சோப்புத்தண்ணி ஊத்தினாலும்தான் செல்லு சாகும், அதுக்காகச் சோப்பைக் கரைச்சுக் குடிக்கறதா?

ஆஸ்பத்திரியே வேண்டாம், வேளைக்கு ஒரு டம்ளர்னு தீர்மானம் போட்டுட்டார். தங்கச்சியோ, பயந்துபோன மனுஷன்கிட்ட வாதாடி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டா. டம்ளரை வாங்குவா, அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் சிங்க்ல கவுத்துடுவா. அதைக் குடிச்சுக் குடிச்சு, அங்க இருக்கிற கரப்பான்பூச்சியெல்லாம் மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியுது தம்பி. அவர் மருந்தடிச்சா இன்னொரு தடவை அடின்னு முதுகைக் காட்டுது.

அவர் வேலைக்குக் கிளம்பினதும் நானும் அவளும் பஸ் ஏறிடுவோம். ட்ரிப் ஏத்திக்கிட்டு, அவர் வர்றதுக்குள்ள வீட்டுல இருப்போம். முடி கொட்டுச்சு. இஞ்சிச் சூடு வெளியேறுதுன்னு ஐயா விளக்கம் குடுத்தார். ட்ரிப்புக்கு அப்புறம் குமட்டுச்சுன்னா, டாக்டரைக் கேட்டுக்கிட்டு, ஒரு துண்டு இஞ்சியை வாயில அடக்கிக்குவா. இஞ்சி பண்ணின உபகாரம் அவ்வளவுதான்.

கட்டி கரைஞ்சுது, ஆஸ்பத்திரி மருந்துல. பேர் யாருக்கு? பாருங்க, தெருவே வாசல்ல நிக்குது. உண்மையைச் சொல்லித் தொலைன்னு தங்கச்சியைத் திட்டினேன். "அவர் முகத்தைப் பார்த்தியாண்ணே, கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இல்லை"ங்கறா. அவர் சந்தோஷத்துக்கு ஊரான் வீட்டுப் பொம்பளை சாகணுமா?

என்ன தம்பி, யோசிக்கிறீங்க... எந்திரிங்க. வீட்டம்மாவை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ட்ரிப்பை நிறுத்தினதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. யார் சொன்னான்னு யாராச்சும் கேட்டா மட்டும், பஸ்ல எவனோ ஒரு கிழவன் உளறினான்னு சொல்லிடுங்க. எனக்கு மூணு வேளைச் சோறும் இந்த வீட்டுலதான்.