கொம்பு உடைந்த மலையாடு

நிஷாபூர்க் கண்ணாடித் தெருவின் அவைத்தலைவர் அபூ தாஹிர் அவர்களே! உலை வெம்மையை உயிராய்ச் சுமக்கும் ஊதுகுழல்காரர்களே! முதுகு வளைந்தும் முறைமை வளையாத மூத்தோர்களே! மாடத்தில் வீற்றிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர்மீதும் அமைதி நிலவுக!

நம் தெருச் செதுக்குநருக்கு இழைத்த குறைகளை நாளோடு வைக்கிறேன்.

1. ரஜப் மாதம் மூன்றாம் நாள்: செதுக்குநர் ஷீர்சாத்தின் குவளையில் புடைத்து நிற்கும் மலையாடு ஒட்டவைத்தது என்றார் சந்தைக் கண்காணிப்பாளர்.
2. ரஜப் நான்கு: மோசடி என்றெழுதி, ஷீர்சாத்தின் சாணைச் சக்கரத்துக்கு முத்திரை வைத்தார்.
3. ரஜப் ஒன்பது: ஆட்டைப் பெயர்த்துக் காட்டுவதாகக் கத்தியை நுழைத்தார். கொம்பு உடைந்தது.

முதல் நாள் நானும் அங்கிருந்தேன்.

"மேல எழும்பி நிக்குதேப்பா, ஒட்டாம எப்படி வந்துச்சு?" என்றார் கண்காணிப்பாளர்.

"உங்க மூக்கும்தான் எழும்பி நிக்குது ஐயா. அதை எந்தப் பிசின்ல ஒட்டினாங்க?" என்றார் ஷீர்சாத்.

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று அடுத்த கடைக்காரர் சிரித்த சிரிப்பில், குழல் நுனியிலிருந்த குடுவையே கோணிப்போயிற்று.

ஒட்டினாரா ஷீர்சாத்? விரல் தடிமனில் ஊதிய குவளையை எடுத்தார். ஆட்டை விட்டு, ஆட்டைச் சூழ்ந்ததையெல்லாம் அரைத்தார். நாற்பது நாள் அரைத்தார். சுவர் மெலிந்து ஆடு எழும்வரை அரைத்தார். சேர்த்தது என்ன? ஏதுமில்லை! குறைத்தது என்ன? குவளையில் பாதி!

என்ன, கடைசி வரிசையில்? "சாட்சி இருக்கா அண்ணே?" என்கிறீர்களா? பக்தாதில் பதினோர் ஆண்டு சட்டம் பயின்றவன், சாட்சியில்லாமல் மேடையேறுவேனா? இதோ என் கையில் அந்தக் குவளை! வெளிச்சத்தில் பாருங்கள்: ஊதும்போது அகப்பட்ட காற்றுக்குமிழி, நூலாய் நீண்டு, சுவரில் தொடங்கி ஆட்டின் விலாவுக்குள் முடிகிறது. ஒட்டிய ஆடென்றால் இடையில் அறுபட்டிருக்காதா? அறுபடவில்லை! ஒரே உலை! ஒரே மூச்சு! ஒரே கண்ணாடி!

கொம்பு உடைந்ததிலும் எனக்கு இன்று மனநிறைவே. உடைந்த கொம்பின் அடியைத் தடவிப் பாருங்கள்: அங்கும் பிசின் இல்லை, கண்ணாடிதான். நம் சாட்சியைக் கண்காணிப்பாளரின் கத்தியே எழுதித் தந்துவிட்டது!

ஷீர்சாத்தின் சக்கரத்திலிருந்து முத்திரை அகலட்டும். அவர் பெயரிலிருந்து மோசடி என்னும் சொல் நீங்கட்டும். இல்லையேல் இத்தெருவின் முப்பத்தொரு சக்கரங்களும் நிற்கும்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் உலைகள் ஒளிரட்டும். கண்காணிப்பாளர் அவர்களுக்கு ஒரு சொல்: வாய்மொழி வேண்டாம். உங்கள் பதில் உங்கள் கையெழுத்தோடு, ரஜப் பதினேழு, நண்பகல் தொழுகைக்கு முன், இந்த மேடைக்கு வந்தாகவேண்டும்.